வேனுக்குள் டார்க்ரூம்: முதலில் விளக்கைச் செய்யுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். கையில் பழைய ஓமேகா டி2 என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடும் கருவி) இருக்கிறது, 4×5 அங்குல நெகட்டிவ் போடுவது. விளக்குப் பகுதி கெட்டுவிட்டது. ஊர் ஊராகப் போய் மனிதர்களைப் பெரிய ஃபார்மட் கேமராவில் படமெடுத்து, அன்றைக்கே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு டெலிவரி வேனை டார்க்ரூம் (பிரிண்ட் போடும் இருட்டறை) ஆக்கலாமா? என்லார்ஜருக்கு எல்.இ.டி. போடலாமா? போட்டால் எந்த எல்.இ.டி.?

இரண்டுமே செய்யலாம். ஆனால் பெரும்பாலானோர் முதலில் வேனை வாங்கி, தச்சரைக் கூப்பிட்டு மேஜை அடித்து, சிங்க் வைத்து, கடைசியில்தான் என்லார்ஜர் விளக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். விளக்கை முதலில் வீட்டிலேயே செய்து, அதில் நல்ல பிரிண்ட் போட்டுப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு, என்லார்ஜர் எவ்வளவு உயரம், உள்ளே எவ்வளவு சூடு, எந்த வண்டி என்பதையெல்லாம் அந்த விளக்குதான் தீர்மானிக்கும்.

டி2-வில் வழக்கமாகப் போடுவது கண்டென்சருக்கு (வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ் தொகுதிக்கு) மேலே பி.எச். 212 வகை 150 வாட் பல்பு. வீட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். வண்டியில் அதை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டியிருக்கும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் மாறுவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4 மடி அளவில் மாறுகிறது. அதாவது மின்னழுத்தம் 5 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 16 சதவீதம் போய்விடும், அது கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). அதோடு வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாயும். நம் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் தெரியும். அதனால் பேப்பர் கணக்கில் இழப்பு இன்னும் கூடுதல், வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) மாறும் மல்டிகிரேடு பேப்பராக இருந்தால் அதுவும் நகரும். காலையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டிய சோதனைத் துண்டு) போட்டுக் கண்டுபிடித்த நேரம் மதியம் பொருந்தாது.

கோல்டு லைட் எனப்படும் வாயுக் குழாய் விளக்குகள் சூடில்லாதவை, மென்மையான வெளிச்சம் தருபவை. எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் உயர் மின்னழுத்தம், சூடேறி நிலைப்படக் கொஞ்ச நேரம், பாதரசம் உள்ள கண்ணாடிக் குழாய். குலுங்கும் வண்டிக்கு வேண்டாம். ஹாலஜன் போட்ட கலர் ஹெட் (நிற ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் விளக்குப் பகுதி) அதிக மின்சாரம் தின்னும், கூடவே காற்றாடியும் கேட்கும். எஞ்சுவது எல்.இ.டி.தான்.

என்லார்ஜருக்கு விளக்கு தேடும் பிரச்சினை என்லார்ஜரோடு சேர்ந்தே பிறந்தது. பால்டிமோரைச் சேர்ந்த டேவிட் வுட்வர்டு 1857-ல் காப்புரிமை பெற்ற சோலார் கேமராவுக்கு வெளிச்சம் சூரியன்தான். ஒரு கண்ணாடியைச் சூரியன் நகர நகரக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைய பேப்பர் அவ்வளவு மந்தம், ஒரு பிரிண்ட்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். பிறகு வந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் தன் 8×10 என்லார்ஜருக்குப் பின்னால் பல பல்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைத்திருந்தார். ஒரு மூலை மட்டும் மங்கலாக வந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நாம் எல்.இ.டி.யில் செய்யப்போவதும் அந்த யோசனைதான், சின்ன அளவில்.

இனி விளக்கைச் செய்வோம். மல்டிகிரேடு பேப்பரில் நீலம் கடின கான்ட்ராஸ்ட்டையும் பச்சை மென் கான்ட்ராஸ்ட்டையும் தரும். எனவே ராயல் ப்ளூ எனப்படும் 450 நானோமீட்டர் எல்.இ.டி.களும், 525 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை எல்.இ.டி.களும் வாங்குங்கள். கான்ட்ராஸ்ட் அளவைக் கிரேடு என்பார்கள், 00 மிக மென்மை, 5 மிகக் கடினம். நீலம் மட்டும் எரிந்தால் ஏறக்குறைய கிரேடு 5, பச்சை மட்டும் எரிந்தால் 00 பக்கம். இரண்டையும் வேறு வேறு நேரம் எரித்தால் நடுவில் எந்த கிரேடும் கிடைக்கும், ஃபில்டரே தேவையில்லை. இருட்டில் மெல்லிய ஃபில்டர் தாள்களைத் தேடித் துடைத்துச் செருகும் வேலை இல்லாமல் போவது குறுகிய இடத்தில் பெரிய நிம்மதி.

எண்ணிக்கைக்கு என் பரிந்துரை: 25 மி.மீ. இடைவெளியில் 6 வரிசை, வரிசைக்கு 8. மொத்தம் 48 எல்.இ.டி., சதுரங்கப் பலகை மாதிரி ஒரு நீலம் ஒரு பச்சை என்று மாற்றி மாற்றி. இப்படி வைத்தால் விளிம்பில் 24, உள்ளே 24 வரும். விளிம்பிலும் 12 நீலம் 12 பச்சை, உள்ளேயும் அதே. இந்தப் பிரிவினை முக்கியம், காரணம் மூலைகள்.

4×5 நெகட்டிவை 150 மி.மீ. லென்ஸ் வைத்து 4 மடங்கு பெரிதாக்கும்போது, நெகட்டிவுக்கும் லென்ஸுக்கும் இடையே 187 மி.மீ. இருக்கும். நெகட்டிவின் மையத்திலிருந்து மூலை ஏறக்குறைய 76 மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தக் கோணம் 22 டிகிரி. சாய்வு கூடக் கூட வெளிச்சம் குறையும் என்கிற கொசைனின் நான்காம் மடி விதிப்படி மூலைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் மையத்தில் 74 சதவீதம்தான், அரை ஸ்டாப்புக்குச் சற்றே குறைவான இழப்பு. எல்.இ.டி.களுக்குக் கீழே வெளிச்சத்தைப் பரப்பும் பலகையான டிஃப்யூசர் எவ்வளவு சமமாக ஒளிர்ந்தாலும் இந்த இழப்பு லென்ஸுக்குப் பின் வந்தே தீரும். பலர் டிஃப்யூசரை கேமராவில் படமெடுத்து, எல்லா இடமும் சமமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு, பிறகு பிரிண்ட்டில் ஏன் மூலை வெளுக்கிறது என்று குழம்புகிறார்கள். நமக்கு வேண்டியது விளிம்பில் கொஞ்சம் தூக்கலாக ஒளிரும் டிஃப்யூசர். விளிம்பு எல்.இ.டி.களுக்கு முழு மின்னோட்டம், உள் எல்.இ.டி.களுக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைப் பேப்பர் சொல்லும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்.இ.டி. பலகையிலிருந்து 80 முதல் 100 மி.மீ. கீழே டிஃப்யூசராக ஓப்பல் (பால் நிற) அக்ரிலிக். இடைப்பட்ட பெட்டியின் உட்புறம் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயிண்ட். நீலமும் பச்சையும் கலப்பது இந்தப் பெட்டிக்குள்தான், உயரத்தைக் குறைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அக்ரிலிக்கை நெகட்டிவின் மேல் ஒட்டி வைக்காமல் 15 மி.மீ. தூக்கி வையுங்கள், அதன் மேல் விழும் தூசி ஃபோகஸுக்கு வராது. அளவு குறைந்தது 150×180 மி.மீ. இருக்கட்டும். நெகட்டிவ் அளவுக்கே வெட்டினால் பிரிண்ட்டில் விளிம்பு வெளுக்காமல் தப்பிக்க வழியில்லை.

எல்.இ.டி.களை 6 மி.மீ. தடிமன் அலுமினியத் தகட்டில் தெர்மல் பேஸ்ட் வைத்துப் பொருத்துங்கள். 350 மில்லி ஆம்பியரில் ஒவ்வொன்றும் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் எடுக்கும், எல்லாம் சேர்ந்து எரிந்தால் 55 வாட் பக்கம். நாம் எரிப்பதோ ஒரு தடவைக்கு 20 விநாடி. அவ்வளவு அலுமினியம் அதற்குள் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் சூடேறாது, அதனால் காற்றாடி வேண்டாம். காற்றாடி இல்லை என்றால் அதிர்வும் இல்லை. எல்.இ.டி. சூடேறினால் வெளிச்சம் குறையும் என்பதால், மூன்று வாட் தாங்கும் எல்.இ.டி.யை வாங்கி ஒரு வாட்டில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மின்சாரப் பக்கம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர். ஆறு எல்.இ.டி. ஒரு தொடராகப் போனால் 19 வோல்ட் கேட்கும், ஆக மொத்தம் எட்டுத் தொடர்கள். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு சின்ன 350 மில்லி ஆம்பியர் பக் டிரைவர் (மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் சுற்று). இரண்டு தொடர்களை ஒரே டிரைவரில் இணையாக மாட்டாதீர்கள், மின்னோட்டம் சமமாகப் பிரியாது. பேட்டரி 25.6 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால், நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டம் அப்படியே நிற்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் ஆர்.ஜி.பி. ஸ்டிரிப்பில் இது கிடையாது. அதில் இருப்பது வெறும் ரெசிஸ்டர், என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தால் வெளிச்சம் எகிறும். ஸ்டிரிப்தான் கைவசம் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டராவது வையுங்கள்.

பெரும்பாலான பக் டிரைவர்களில் டிம் செய்ய ஒரு கம்பி வரும். அதில் ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையை இணைத்தால் டைமர், நீல-பச்சை விகிதம், விளிம்பு-உள் விகிதம் மூன்றும் ஒரே இடத்தில் வந்துவிடும். விளக்கை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். முறைக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் போதும், விநாடிக் கணக்கான எக்ஸ்போஷருக்கு அந்தத் துடிப்பு ஒரு பொருட்டே இல்லை. வேலை செய்யும்போது மூடியில்லாத ராயல் ப்ளூவை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு அவ்வளவு வெளிச்சமாகத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குக் கேடு. ஃபோகஸ் பார்க்கும்போது இரண்டு நிறமும் சேர்ந்து எரியட்டும், வெறும் நீலத்தில் நம் கண்ணுக்குக் கூர்மை பிடிபடாது.

இவ்வளவு சாலிடரிங் வேண்டாம் என்றால் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பலகையும் பழைய மல்டிகிரேடு ஃபில்டர்களும் போதும். அதன் நிறமாலையில் 450 பக்கம் ஒரு நீல முகடு, 480 பக்கம் ஒரு பள்ளம், பிறகு பச்சை-மஞ்சள் மேடு. வாம் வெள்ளை வாங்காதீர்கள், நீலம் குறைவு, கடின கிரேடு எட்டாது. ஃபில்டரில் எழுதியிருக்கும் எண்ணும் நிஜத்தில் வரும் கிரேடும் கொஞ்சம் விலகும், ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் துண்டு) வைத்து ஒருதடவை அளந்து எழுதிக்கொண்டால் சரி.

கண்டென்சரிலிருந்து டிஃப்யூசருக்கு மாறும்போது பிரிண்ட் மென்மையாகும், ஏறக்குறைய ஒரு கிரேடு. நெகட்டிவிலுள்ள வெள்ளித் துகள் நேர்வரி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அடர்ந்த பகுதி கண்டென்சரில் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். காலியர் விளைவு என்று பெயர். டிஃப்யூசரில் அது அநேகமாக இல்லை. நெகட்டிவைச் சற்றுக் கூடுதலாக டெவலப் செய்தால் சரியாகிவிடும். பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது: நெகட்டிவின் மேலுள்ள தூசியும் மெல்லிய கீறலும் பிரிண்ட்டில் அடங்கிப்போகும். மண் சாலையில் போய் நிற்கும் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்!

சமன் பார்க்கும் முறை எளிது. நெகட்டிவைப் பிடிக்கும் கேரியரை நெகட்டிவ் இல்லாமல் வையுங்கள், லென்ஸின் துளையை எஃப்/11-க்குச் சுருக்குங்கள். முழுத் தாளில் நடுத்தரச் சாம்பல் வரும்படி கடின கிரேடில் ஒரு பிரிண்ட் போடுங்கள். கடின கிரேடு கால் ஸ்டாப் வித்தியாசத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த தாளை மூலையும் மையமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி வெட்டி வைத்துப் பாருங்கள். மூலை வெளுத்தால் உள் எல்.இ.டி.களைக் குறையுங்கள். நீலத்துக்கு ஒருதடவை, பச்சைக்கு ஒருதடவை. இதில் பொறுமையாக ஒரு நாள் செலவழித்தால் அப்புறம் வருடக்கணக்கில் மூலையை பர்ன் செய்யும் (அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டும்) வேலை இல்லை.

இப்போது வேனுக்கு வருவோம். லென்ஸிலிருந்து பேப்பருக்கு உள்ள தூரம், குவியத் தூரத்தை உருப்பெருக்கம் கூட்டல் ஒன்றால் பெருக்கினால் வரும். 16×20 பிரிண்ட்டுக்கு 4 மடங்கு, ஆக 750 மி.மீ. நெகட்டிவ் பக்கத்து 187-ஐயும் சேர்த்தால் 94 செ.மீ. நம் எல்.இ.டி. பெட்டி 15 செ.மீ.க்குள் அடங்கும். பேப்பர் வைக்கும் அடிப்பலகையான பேஸ்போர்டு தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் மொத்தம் 1.8 மீட்டர். நின்று வேலை பார்க்கும் உயரமான கூரை வேனில் இது அடங்கும். பழைய கண்டென்சரும் நீண்ட லேம்ப்ஹவுஸும் இருந்தால் கூரை இடிக்கும். விளக்கை முதலில் செய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். 8×10 அளவோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் மொத்தம் 68 செ.மீ. போதும், சின்ன வண்டியே போதும், உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம்.

அதிர்வைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வண்டி ஆடுவது பிரச்சினை இல்லை. நெகட்டிவும் லென்ஸும் பேப்பரும் ஒன்றாக ஆடினால் படம் கலங்காது. தனித்தனியாக ஆடினால்தான் கலங்கும். எனவே என்லார்ஜர் தூணின் மேல் நுனியையும் பேஸ்போர்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முக்கோணமாக இழுத்துக் கட்டுங்கள். தூணை வேன் சுவரிலும் பேஸ்போர்டை மேஜையிலும் பொருத்தினால் வம்பு. நிறுத்தியதும் நான்கு மூலைக்கும் ஜாக்கி கொடுத்து சஸ்பென்ஷனை விடுவியுங்கள், என்ஜினை அணையுங்கள், எக்ஸ்போஷர் ஓடும்போது நடக்காதீர்கள்.

பயணத்துக்கு முன் ஹெட்டை (என்லார்ஜரின் மேல் பகுதியை) கீழே இறக்கிப் பூட்டி, லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். இறங்கிய இடத்தில் மறுபடியும் நேர் பார்க்க வேண்டும். இதற்குத் தரை மட்டமாக இருக்க வேண்டியதில்லை. நெகட்டிவ் மேடை, லென்ஸ் போர்டு, பேஸ்போர்டு மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். ஒரு டிஜிட்டல் கோணமானியை மூன்றின் மேலும் வைத்து ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். ட்ரேக்களுக்குத்தான் மட்டம் தேவை.

வண்டியை வெட்டி ஒட்டும் முன் சட்டத்தையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கூரையைத் தூக்குவது, ஜன்னல் வெட்டுவது எல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியவை. என் யோசனை, எல்லாவற்றையும் கழற்றி இறக்கக்கூடிய ப்ளைவுட் சட்டங்களாகச் செய்வது. சரக்கு ஏற்றுகிற மாதிரி ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கிவிடலாம்.

இருட்டைச் சோதிக்க, நல்ல வெயிலில் நிறுத்தி உள்ளே பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகப் பழக ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். என்லார்ஜரைச் சுற்றி மட்டும் மேட் கறுப்பு அடியுங்கள், மற்ற சுவர் வெள்ளையாக இருந்தால் சேஃப்லைட் (பேப்பரைப் பாதிக்காத மங்கல் விளக்கு) பரவும். சேஃப்லைட்டுக்கு 630 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. நன்று. ஆனால் சோதிக்காமல் நம்பாதீர்கள்: பேப்பரை முதலில் லேசான சாம்பல் வருமளவு வெளிச்சம் காட்டி, அதன் மேல் நாணயம் வைத்துச் சேஃப்லைட்டில் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத் தடம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல. டிரைவர்களிலும் சார்ஜரிலும் மினுக்கும் பச்சை, நீலப் புள்ளிகளைக் கறுப்பு டேப்பால் மூட மறக்காதீர்கள்.

காற்று, உலர்ந்த பக்கத்தில் ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளப்பட்டு, ட்ரே பக்கத்தில் தாழ்வாக வெளியேற வேண்டும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் இடுக்குகள் வழியே தூசி வராது. வெளிச்சம் வராமலிருக்க, உட்புறம் கறுப்படித்த குழாயை இரண்டு தடவை மடக்குங்கள். டெவலப்பரை நிறுத்தும் அசெட்டிக் அமில ஸ்டாப் பாத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலம் வையுங்கள். மூடிய வண்டிக்குள் அந்த வித்தியாசம் மூக்குக்கும் நெஞ்சுக்கும் நன்றாகத் தெரியும்.

வெப்பம்தான் நிஜமான எதிரி. 1855-ல் கிரிமியப் போரைப் படமெடுக்க ரோஜர் ஃபென்டன் ஒரு மது வியாபாரியின் வண்டியை வாங்கி டார்க்ரூமாக மாற்றிக்கொண்டு போனார். கோடை வந்ததும் அந்த வண்டிக்குள் காலை பத்து மணிக்கு மேல் வேலை செய்ய முடியவில்லை. ஈரக் கொலோடியன் தட்டு என்பதால் படமெடுத்த சில நிமிடங்களில் டெவலப் செய்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு. நமக்கு அது இல்லை. காலையில் படமெடுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு பிரிண்ட் போடுங்கள். 1,280 வாட்-மணி பேட்டரியில் என்லார்ஜர் ஒரு பிரிண்ட்டுக்கு எடுப்பது மூன்றில் ஒரு வாட்-மணிகூட இல்லை. காற்றாடியும் பம்பும் சேஃப்லைட்டும் நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். ஏ.சி. போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிழலும் இரவும்தான் நம் ஏ.சி. பேப்பர் டப்பாவை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெயிலில் நின்ற வண்டிக்குள் பேப்பர் சீக்கிரம் ஃபாக் ஆகும் (வெளிச்சம் படாமலே சாம்பல் பூக்கும்). தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துப்போங்கள். டெவலப்பர் 20 டிகிரியில் நிற்காது, 28-30 இருக்கும். இல்ஃபோர்டு மல்டிகிரேடு டெவலப்பரை 1+9-க்குப் பதில் 1+14 (ஒரு பங்குக்கு 14 பங்கு தண்ணீர்) என்று கரைத்து, அன்றைய சூட்டிலேயே டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

பேப்பர் ஆர்.சி.யாக (பிளாஸ்டிக் பூசிய வகையாக) இருக்கட்டும். ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் கழுவினால் போதும், சீக்கிரம் காயும். ஃபைபர் பேப்பர் கேட்கும் தண்ணீரை வண்டியில் சுமக்க முடியாது. அதில் போட வேண்டிய பிரிண்ட்டை வீட்டில் போட்டு அனுப்புங்கள். 16×20 ட்ரே நான்கை வரிசையாக வைக்க இடம் இருக்காது, ஏணி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம், அல்லது டிரம்மில் உருட்டலாம். பழைய ஃபிக்ஸரில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசலில்) வெள்ளி கரைந்திருக்கும். போகிற ஊரின் வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாமல் கேனில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீல் உல் போட்டு வைத்தால் வெள்ளி அடியில் படியும்.

அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். அங்கே தடையாக நிற்கப்போவது ஃபிலிம் காய்வது. தூசியில்லாத ஒரு சின்ன அலமாரி செய்து, உள்ளே வரும் அதே ஃபில்டர் காற்றை அதன் வழியாகத் திருப்பிவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு எடுத்த படத்தை மாலை ஏழு மணிக்கு 8×10 பிரிண்ட்டாகக் கொடுக்கலாம். 16×20 கேட்பவருக்கு மறுநாள் காலை வரச் சொல்லுங்கள்.